சர்க்கரைப் பள்ளத்தில் மூச்சு முட்டிய ஜீப்

சென்ற ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் பட்டறை வாசலில் ஜீப்பை நிறுத்தி, பின் டிஃபரன்ஷியலின் (சக்கரங்களுக்கு விசையைப் பிரித்துத் தரும் பல்சக்கரப் பெட்டி) அடித்திருகைக் கழற்றினேன். பழைய வட்டிலில் விழுந்த ஆயில் தேன் நிறத்தில் இருந்தது. விரலில் எடுத்துத் தேய்த்துப் பார்த்தேன். வழவழப்பு மாறவில்லை, தண்ணீர் கலந்தால் வரும் வெண்மை துளியும் இல்லை. முன் டிஃபரன்ஷியல், கியர் பெட்டி, முன் சக்கரங்களுக்கும் விசையை அனுப்பும் டிரான்ஸ்பர் பெட்டி என்று மற்ற மூன்றையும் திறந்து பார்த்த பிறகுதான் காலை உணவுக்கே போனேன். தீபாவளி கழிந்த வாரத்தில் கடம்பூர் மலையிலுள்ள மாக்கம்பாளையம் போகும்போதும் வரும்போதுமாக, குரும்பூர்ப் பள்ளம், சர்க்கரைப் பள்ளம் என்ற இரண்டு காட்டாறுகளையும் தொடையளவுத் தண்ணீரில் கடந்து வந்த வண்டி அது. ஓராண்டுக்கு முன்பு இதே சர்க்கரைப் பள்ளத்தில் இன்ஜினை உடைத்துக்கொண்டவன் என்பதால், இந்த 2019-ஆம் ஆண்டு முழுவதும் அந்த வண்டியில் என்ன செய்தேன், எதில் ஏமாந்தேன் என்பதை மறப்பதற்குள் எழுதி வைக்கிறேன்.

கோபிசெட்டிபாளையத்தில் மோட்டார் காயில் கட்டும் பட்டறை வைத்திருக்கிறேன். கடம்பூர் மலையில் ஆழ்துளைக் கிணறு வைத்திருக்கும் வாடிக்கையாளர்கள் சிலர் இருக்கிறார்கள். மோட்டார் எரிந்துவிட்டால் அவர்கள் பேருந்தில் ஏற்றிக் கீழே கொண்டுவர வேண்டும். நான் மேலே போனால் ஒரு நாள் மிச்சம். அதற்காகத்தான் 2017-இல் ஒரு பழைய மஹிந்திரா எம்.எம். 540 ஜீப் வாங்கினேன். நான்கு சக்கர இழுவை, 2,112 சி.சி. பியூஜோ டீசல் இன்ஜின், இன்ஜினை நிறுத்தக் கையால் இழுக்கும் ஸ்டாப் கேபிள். ஒருமுறை ஓடத் தொடங்கிவிட்டால் அந்த இன்ஜினுக்கு மின்சாரமே வேண்டாம். தண்ணீரில் இறங்குகிறவனுக்கு இதைவிட நல்ல வண்டி கிடையாது என்பது அப்போது என் எண்ணம். அது பாதிதான் சரி.

கே.என். பாளையத்தில் மலை ஏறிக் கடம்பூர் போய், அங்கிருந்து மாக்கம்பாளையம் செல்லும் பாதையில் இந்த இரண்டு காட்டாறுகளும் குறுக்கிடும். நான் சொல்லும் நாள்களில் பாலம் கிடையாது. பேருந்தும் தண்ணீருக்குள் இறங்கித்தான் ஏற வேண்டும், பெருவெள்ளம் என்றால் நிற்க வேண்டும். 2018 அக்டோபரில் ஒரு சனிக்கிழமை, பின்னால் ஐந்து குதிரைச் சக்தி மோட்டார் ஒன்றை ஏற்றிக்கொண்டு, மச்சினனையும் கூட்டிக்கொண்டு போனேன். சர்க்கரைப் பள்ளத்தில் தண்ணீர் செம்மண் நிறத்தில் ஓடியது. எதிர்க்கரையில் ஒரு டிராக்டர் ஏறிப் போனதைப் பார்த்தோம்; டிராக்டரின் பின் சக்கரம் என் வண்டியின் பானட் உயரம் என்பதை யோசிக்கவில்லை. வேகமாகப் போனால் கடந்துவிடலாம் என்று இரண்டாம் கியரில் நன்றாக மிதித்தேன். முன்னால் எழும்பிய அலை கிரில்லைத் தாண்டி பானட்டின் மேல் ஏறியது. நடுப்பள்ளத்தில் முன் சக்கரம் ஒரு குழியில் இறங்கியபோது, தொண்டையில் எதுவோ அடைத்தது போல ஒரு சத்தத்துடன் இன்ஜின் நின்றது.

அங்கே செய்த தவறுதான் விலை உயர்ந்தது. பதற்றத்தில் செல்ஃப் அடித்தேன். 'டொக்' என்று ஒரு சத்தம், இன்ஜினின் சுழல்தண்டான கிராங்க் நகரவில்லை. மறுபடியும் அடித்தேன். காற்றுக்குப் பதிலாகத் தண்ணீர் புகுந்த சிலிண்டரில் பிஸ்டன் மேலே ஏற முடியாது. தண்ணீர் அமுங்காது, வளைவது பிஸ்டனைக் கிராங்க்கோடு இணைக்கும் கனெக்டிங் ராடுதான். இந்த உண்மை எனக்குத் தெரியாததல்ல. தெரிந்திருந்தும் கை சாவிக்குப் போனது.

அதே டிராக்டர் திரும்பி வந்து இழுத்தது. வண்டியில் இழுப்பதற்கென்று கொக்கி எதுவும் இல்லாததால் சங்கிலியை பம்பரில் கட்டினோம். பம்பர் ஒரு பக்கம் காது போல மடங்கியது. சத்தியமங்கலத்திலிருந்து மெக்கானிக் அண்ணன் மறுநாள் வந்து ஏர் கிளீனரைத் திறந்தார். உள்ளே இருந்த காகித வடிகட்டி ஊறிய சோறு போலக் குழைந்திருந்தது.

"ஏனுங்க, தண்ணி குடிச்ச வண்டிய செல்ஃப் அடிச்சீங்களாக்கும்?" என்றார்.

"ரெண்டு வாட்டி அடிச்சேனுங்க."

அவர் மேலே எதுவும் கேட்கவில்லை. சிலிண்டர்களைச் சூடேற்றும் நான்கு ஹீட்டர் பிளக்குகளையும் கழற்றிவிட்டு, பின் சக்கரத்தைத் தூக்கி, டாப் கியரில் போட்டு, சக்கரத்தைக் கையாலேயே சுற்றச் சொன்னார். மூன்றாவது சிலிண்டரின் ஓட்டையிலிருந்து செம்மண் தண்ணீர் ஒரு முழம் உயரத்துக்குப் பீய்ச்சியது. மற்ற மூன்றில் காற்று மட்டும் வந்தது. இன்ஜின் ஆயிலை மாற்றி, பிளக்குகளை மாட்டி ஓட்டியதும் வண்டி ஓடிவிட்டது. ஓடியதை நம்பியது என் அடுத்த தவறு. இரண்டு வாரம் காலையில் வெள்ளைப் புகையும், சுமை ஏற்றும்போது மெல்லிய தட்டலும் இருந்தன. பிறகு சிலிண்டர்களின் மேல்மூடியான ஹெட்டைக் கழற்றி, ஒவ்வொரு பிஸ்டனையும் உச்சத்துக்குக் கொண்டுவந்து வெர்னியரின் ஆழக் கம்பியால் அளந்தோம். ஒன்று, இரண்டு, நான்கு ஒரே அளவு. மூன்றாவது 1.4 மில்லிமீட்டர் தாழ்ந்திருந்தது, ராடு வளைந்ததன் அடையாளம். ராடு, பேரிங்குகள், ரிங் செட், ஹெட் கேஸ்கெட், லேத் வேலை, கூலி எல்லாம் சேர்த்து 31,400 ரூபாய் ஆனது. வண்டி டிசம்பர் கடைசியில்தான் கைக்கு வந்தது.

காற்றை உயரத்திலிருந்து எடுக்கும் குழாய் வேண்டும் என்ற முடிவுக்கு வர யாருடைய ஆலோசனையும் தேவைப்படவில்லை. ஆனால் அந்த ஜனவரியில்தான், தயாரிப்பாளர் குறிப்பிட்ட விவரங்களிலிருந்து பதிவுச் சான்று மாறுபடும் அளவுக்கு ஒரு வண்டியை மாற்றக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருந்தது. முன்பக்கக் கம்பிக் காப்புகளுக்கு எதிராக மத்திய அரசு 2017 டிசம்பரிலேயே மாநிலங்களுக்கு எழுதிவிட்டது. ஆகவே வண்டியை உயர்த்துவது, அகல டயர் போடுவது, முன்னால் கம்பிக் காப்பு மாட்டுவது ஆகியவற்றை முதலிலேயே விட்டுவிட்டேன். உடலில் எங்கும் வெட்டாமல், நினைத்தால் கழற்றிவிடக்கூடிய முறையில் செய்வது என்று வைத்துக்கொண்டேன். அதனால் வண்டிக்கு நஷ்டமில்லை என்று இப்போது தோன்றுகிறது. 6.00-16 அளவுள்ள ஒல்லியான நைலான் டயர், கூழாங்கல் பள்ளத்தில் மேல் மணலைக் கிழித்துக்கொண்டு அடியிலுள்ள கெட்டித் தரையைத் தொட்டுவிடுகிறது. காற்றை 28 இலிருந்து 20 பி.எஸ்.ஐ.க்குக் குறைத்தால் வழுக்கும் கல்லிலும் பிடிக்கிறது. கடந்ததும் மறுபடி நிரப்பக் கால் பம்பு ஒன்று வண்டியிலேயே இருக்கிறது.

முதல் குழாயைத் தோட்டத்தில் மீந்து கிடந்த 63 மில்லிமீட்டர் பி.வி.சி. பைப்பில் செய்தேன். நான்கு எல்போ, ஒட்டும் பசை, கிளிப்புகள் என்று 640 ரூபாய்தான் செலவு. பட்டறைக்கு வந்தவர்கள் எல்லாம் பாராட்டினார்கள். கே.என். பாளையத்திலிருந்து மலை ஏறும்போது இரண்டாவது வளைவிலேயே வண்டி மூச்சு வாங்கியது; பின்னால் கரும்புகை. ஒரே வரிசையில் நான்கு கூர்மையான திருப்பங்களை வைத்துவிட்டுக் காற்று தாராளமாக வரவேண்டும் என்று எதிர்பார்த்தது பிழை. கடம்பூர் போய் பானட்டைத் திறந்தால், சைலன்ஸர் பக்கம் இருந்த பைப் சூட்டில் இளகி, ஒரு பக்கம் அமுங்கிப் போயிருந்தது. தண்ணீரைப் பார்க்காமலேயே அது குப்பைக்குப் போனது.

இரண்டாவது குழாயை ஈரோட்டில் ஒரு சைலன்ஸர் பட்டறையில் வளைத்தேன். உள்விட்டம் 71 மில்லிமீட்டர் உள்ள இரும்புக் குழாய், பழைய பி.வி.சி.யின் உள்விட்டத்தோடு ஒப்பிட்டால் காற்றுப் பாதை ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. எல்போ கிடையாது, இரண்டே இரண்டு நீண்ட வளைவுகள். பானட் ஓரத்தில் வெளியேறி, கண்ணாடிச் சட்டத்தின் பக்கவாட்டில் ஏறி, கூரைத் துணியின் மட்டத்தில் முடிகிறது. இன்ஜின் ஆடும்போது குழாயில் விரிசல் விழாமல் இருக்க, ஏர் கிளீனருடன் சேரும் இடத்தில் சிலிக்கான் ரப்பர் ஹோஸ் போட்டேன். உச்சியில் என்ன மாட்டுவது என்று அலைந்தபோது டிராக்டர் உதிரிபாகக் கடையில் விடை கிடைத்தது: டிராக்டர்களின் பானட் மேல் காளான் போல நிற்குமே, கண்ணாடிக் கிண்ணம் வைத்த பிரீ கிளீனர், அதுதான். மழையையும் தூசியையும் ஓரளவு வெளியே தள்ளிவிடுகிறது. கிண்ணத்தில் சேர்ந்த மண்ணைப் பார்த்தாலே வடிகட்டியைச் சுத்தம் செய்யும் நாள் தெரிந்துவிடுகிறது. குழாயும் வளைக்கும் கூலியும் 1,850, ஹோஸ் இரண்டு 1,200, பிரீ கிளீனர் 450, கிளாம்பும் பெயின்ட்டும் 500. ஆக 4,000 ரூபாய்.

குழாய் எங்காவது ஒழுகுகிறதா என்று பார்க்க மெக்கானிக் அண்ணன் சொன்ன சோதனையை யார் வேண்டுமானாலும் செய்யலாம். இன்ஜினை மெதுவாக ஓடவிட்டு, பிரீ கிளீனரைக் கழற்றி, குழாயின் வாயை உள்ளங்கையால் இறுக மூட வேண்டும். எங்கும் ஓட்டை இல்லாவிட்டால் உள்ளங்கையை உறிஞ்சி இழுத்துக்கொண்டு, இரண்டு மூன்று நொடிகளில் இன்ஜின் நின்றுவிட வேண்டும். என் வண்டி நிற்கவில்லை. கையை வைத்தபடியே ஐந்து நிமிடம் பேசிக்கொண்டிருக்கலாம் போலிருந்தது. ஹோஸ் சேருமிடங்களில் சோப்பு நுரையைத் தடவிப் பார்த்தேன், தெரியவில்லை. நுரை உறிஞ்சப்படும் இடத்தில் குமிழி வராது, நுரை காணாமல் போகும் என்பதைக் கவனிக்காமல் ஒரு மணி நேரம் வீணானது. கடைசியில், ஏர் கிளீனரின் அடிமூடியில் ஈரம் வடிவதற்காக வைத்திருந்த ரப்பர் வால்வு காய்ந்து பிளந்திருப்பதைக் கண்டுபிடித்தேன். இவ்வளவு உயரத்துக்குக் குழாயை ஏற்றிவிட்டு, அடியில் அரை அங்குல ஓட்டையோடு தண்ணீரில் இறங்கியிருப்பேன். அதை மாற்றியதும் கையை வைத்த மறு நொடி இன்ஜின் திணறி நின்றது.

ஆவணியில் மலையில் மழை பெய்து பள்ளத்தில் தண்ணீர் வந்தபோது போய்ப் பார்த்தோம். ஆழம் முழங்காலுக்குச் சற்று மேல். இன்ஜின் இருமக்கூட இல்லை. மாக்கம்பாளையத்தில் இரவு தங்கி, மறுநாள் அதே வழியில் பெருமையோடு இறங்கினோம்.

இரண்டு வாரம் கழித்து பின் சக்கரப் பக்கம் ஒரு முனகல் கேட்டது. டிஃபரன்ஷியலின் திருகைக் கழற்றியபோது வந்தது ஆயில் அல்ல. கடைகளில் கண்ணாடி டம்ளரில் நுரையோடு தருவார்களே, அந்தப் பால் டீ. முன் டிஃபரன்ஷியலிலும் அதே நிறம், சற்று இளம் நிறத்தில். ஆயில் கசியாமல் தடுக்கும் ரப்பர் சீல்கள் இரண்டையும் அந்த மார்ச் மாதத்தில்தான் மாற்றியிருந்தேன். புது சீல் வழியாகத் தண்ணீர் எப்படி வந்தது என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போகவிருந்தேன். நல்லவேளை, போகவில்லை.

அன்று பிற்பகல் பட்டறையில் ஒரு நீர்மூழ்கி மோட்டாரைப் பிரித்துக்கொண்டிருந்தேன். தண்ணீர் நிரப்பிய மோட்டாரின் அடியில் ஒரு ரப்பர் டயாபிராம் இருக்கும். மோட்டார் ஓடிச் சூடானதும் உள்ளே நிரப்பிய தண்ணீர் விரியும். டயாபிராம் நகர்ந்து இடம் கொடுக்கும். நின்று குளிர்ந்தால் தண்ணீர் சுருங்கும், டயாபிராம் உள்வாங்கும். அது இறுகிப்போனாலோ கிழிந்தாலோ, குளிரும்போது வேறு வழியில்லாமல் கிணற்றுத் தண்ணீர் மணலோடு உள்ளே இழுபடும், பேரிங் போகும். இருபது ஆண்டுகளாக வாடிக்கையாளர்களுக்கு இதைச் சொல்லி டயாபிராம் மாற்றிக்கொண்டிருக்கிறேன். ஐம்பது கிலோமீட்டர் ஓடிக் கை வைக்க முடியாமல் சூடேறிய ஜீப்பின் டிஃபரன்ஷியல், திடீரென்று குளிர்ந்த மலைத் தண்ணீரில் இறங்கினால் உள்ளிருக்கும் காற்று சுருங்கும்; அது மூச்சு இழுக்க வழி வேண்டும். வழி என்று இருப்பது ஆக்ஸில் குழாயின் மேலே உள்ள சுண்டுவிரல் அளவு பித்தளை பிரீதர். படுத்துப் பார்த்தேன். பின்னால் இருந்தது மண் அடைத்துக் கல்லாகியிருந்தது. முன்னால் இருந்தது திறந்திருந்தது, ஆனால் அது தண்ணீருக்குள்தான் இருந்திருக்கும். ஒன்று சீல் உதட்டைத் தாண்டி இழுத்தது, மற்றது நேராகவே குடித்தது. இன்ஜின் மூச்சு விடும் வழியை மட்டும் ஆறடி உயரத்துக்கு ஏற்றிவிட்டு, மற்ற மூக்குகளையெல்லாம் தண்ணீருக்குள்ளேயே விட்டிருக்கிறேன்.

ஒரு சாக்கட்டியை எடுத்துக்கொண்டு வண்டி எங்கெல்லாம் மூச்சு விடுகிறது என்று குறித்துக்கொண்டே வந்தேன். ஏர் கிளீனர், முன் ஆக்ஸில், பின் ஆக்ஸில், கியர் பெட்டி, டிரான்ஸ்பர் பெட்டி, டீசல் டேங்க், கிளட்ச் கூட்டின் அடியிலுள்ள சிறு துளை என்று ஏழு இடங்கள். இவற்றில் நடு நான்கையும் கோவையில் காற்றழுத்தக் கருவிகள் விற்கும் கடைக்குப் போய் முடித்தேன். கம்ப்ரெஸ்ஸர் லைன்களுக்குப் பயன்படும் எட்டு மில்லிமீட்டர் நீல பாலியூரித்தேன் டியூப் ஆறு மீட்டர், எட்டிலொரு அங்குல மரை கொண்ட பித்தளை ஃபிட்டிங் நான்கு, நுனியில் மாட்ட ஒரு சிறு டீசல் ஃபில்டர். மொத்தம் 780 ரூபாய். பழைய பிரீதர்களைக் கழற்றி, ஃபிட்டிங்கை மரை டேப் சுற்றி மாட்டி, நான்கு டியூப்களையும் பானட்டுக்குள் பின்சுவரின் உச்சிக்குக் கொண்டுபோய் ஒன்றாக இணைத்து ஃபில்டரை மாட்டினேன். டீசல் டேங்கின் காற்று வழியையும் ஒரு தனி ஹோஸில் சீட்டின் பின்னால் உயர்த்திக் கட்டினேன்.

இதிலும் ஒரு சறுக்கல் உண்டு. வண்டி சமதளத்தில் நின்றபோது அளந்து டியூபை வெட்டிவிட்டேன். ஜாக்கி வைத்துப் பின் சக்கரத்தைத் தொங்கவிட்டதும் டியூப் விறைத்து, ஃபிட்டிங் அருகில் மடிந்து அடைத்துக்கொண்டது. ஆக்ஸில் தொங்கும் தூரத்தோடு ஓர் அடி கூட்டிச் சுருளாக விட்டபின் சரியாயிற்று. சோதனைக்கு ஒவ்வொரு டியூபிலும் சைக்கிள் பம்பை வைத்து மெதுவாக ஒரு தடவை அழுத்தி, சீல்களைச் சுற்றி நுரை தடவிப் பார்த்தேன். ஒரு தடவைக்கு மேல் அழுத்த வேண்டாம். அதிக அழுத்தத்தில் சீலே வெளியே வந்துவிடும். இரண்டு டிஃபரன்ஷியல்களையும் டீசல் ஊற்றி அலசி, இ.பி. 90 புது ஆயில் ஊற்றி, நூறு கிலோமீட்டர் ஓட்டி, மறுபடி ஒருமுறை மாற்றியதில் ஆயிலும் சீலுமாக 3,900 ரூபாய் போனது.

ஆவணிப் பயணம் இன்னொரு பாடத்தையும் ரேடியேட்டரில் எழுதி வைத்திருந்தது. தகடுகளில் தேங்காய்த் துருவி வைத்து இழுத்தது போல ஒரு அரைவட்டக் கீறல். சுழலும் ஃபேன் தண்ணீரைத் தொட்டதும் கப்பலின் விசிறி போல முன்னால் இழுக்கப்படுகிறது. இறகுகள் முன்னோக்கி வளைந்து ரேடியேட்டரை உரசியிருக்கின்றன. சற்று ஆழமாக இருந்திருந்தால் நடுக்காட்டில் தண்ணீர் முழுவதும் கொட்டியிருக்கும். அந்தக் கீறலை ஈயம் வைத்து அடைக்க 2,600 ரூபாய் ஆயிற்று. பள்ளத்தின் கரையில் ஃபேன் பெல்ட்டைத் தளர்த்திக் கழற்றிவிடுவது பழைய வழக்கம். சில நிமிட நேரத்துக்கு இன்ஜின் சூடாகாது. செய்து பார்த்தேன். என் வண்டியில் பிரேக் மிதியை இலகுவாக்கும் வாக்குவம் பம்பு, அதே பெல்ட்டில் சுற்றும் டைனமோவின் முதுகில் உட்கார்ந்திருப்பதை மறந்துவிட்டேன். பெல்ட் இல்லாமல் பண்ணைக்குட்டைச் சரிவில் இறங்கிப் பிரேக்கை மிதித்தால் மரக்கட்டையை மிதித்தது போல இருந்தது. வேலியருகில் போய்த்தான் நின்றேன். இப்போது பெல்ட்டைக் கழற்றுவதில்லை. அதற்குப் பதிலாக ஐந்தடிக்கு நான்கடி தார்ப்பாய் ஒன்றை பம்பருக்கு அடியில் தொடங்கிக் கிரில்லின் மேலாக பானட் வரை இறுக்கிக் கட்டுகிறேன். வண்டி நகர்ந்துகொண்டிருக்கும்வரை தண்ணீர் முன்னால் அலையாக ஒதுங்குகிறது, பானட்டுக்குள் மட்டம் தாழ்வாகவே இருக்கிறது. நின்றால் இந்த வசதி போய்விடும். கடந்து ஏறியதும் முதல் வேலை தார்ப்பாயை அவிழ்ப்பது. ஒருமுறை மறந்து இரண்டு கிலோமீட்டர் ஓட்டி, சூடு காட்டும் முள் சிவப்பைத் தொட்டதைப் பார்த்தேன்.

மின் வேலை என் தொழில் என்பதால் அதில் கொஞ்சம் ஆடம்பரம் செய்தேன். செல்ஃப் மோட்டாரைப் பிரித்து, ஃபீல்டு காயிலையும் ஆர்மேச்சரையும் வார்னிஷில் முக்கி, பட்டறை அடுப்பில் சுட்டு எடுத்தேன். டைனமோவுக்கும் அதே மரியாதை. ஹாரனை மேலே ஏற்றினேன். பல்பு ஹோல்டர்களில் கிரீஸ் அடைத்தேன். இதையெல்லாம் செய்யாமல் விட்டிருந்தாலும் வண்டி கடந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன்.

இழுப்புக்கு முன்னால் இரண்டு, பின்னால் ஒன்று என்று கொக்கிகள் போட்டேன். பம்பரில் அல்ல, வண்டியின் அடிச்சட்டமான சேஸிஸில். எட்டு மில்லிமீட்டர் தகட்டை மறுபுறம் வைத்து, ஒவ்வொன்றுக்கும் 8.8 தரத்தில் பன்னிரண்டு மில்லிமீட்டர் போல்ட் இரண்டு. 4.75 டன் எழுதிய ஷேக்கிள் (கயிற்றைக் கொக்கியோடு பூட்டும் இரும்பு வளையம்) இரண்டு, மரத்தைச் சுற்றப் பட்டைக் கயிறு ஒன்று, கை வின்ச் ஒன்று, இருபது மீட்டர் நைலான் கயிறு. இதற்கு 7,200 ரூபாய். கயிறு இழுவையில் இருக்கும்போது அதன் நடுவில் ஒரு நனைந்த சாக்கைப் போட்டு வைப்போம். அறுந்தால் ஆளின் மேல் பாயாமல் கீழே விழும். மச்சினன் இதைச் சிரித்துக்கொண்டேதான் செய்வான், ஆனால் தவறாமல் செய்வான்.

எல்லாவற்றையும்விட அதிகம் பயன்படுவது ஐந்தடி மூங்கில் குச்சி. வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி அளந்து, அதில் மூன்று பட்டை அடித்திருக்கிறேன். தரையிலிருந்து 14 அங்குலத்தில் வெள்ளை, அது சக்கரத்தின் அச்சு; 20-இல் மஞ்சள், தார்ப்பாய் கட்ட வேண்டிய அளவு; 27-இல் சிவப்பு, ஃபேனின் அடிநுனிக்கு இரண்டு அங்குலம் மேல். ஆற்றில் நடந்து, சக்கரம் போகும் இரண்டு தடத்திலும் குத்திப் பார்த்து, ஒரு இடத்தில் சிவப்பு நனைந்தாலும் திரும்பிவிடுவது. நடந்து போக முடியாத வேகத்தில் ஓடும் தண்ணீரில் வண்டியும் போகக் கூடாது. எங்கள் தோட்டத்துப் பண்ணைக்குட்டையில் மஞ்சள் அளவுக்குத் தண்ணீர் விட்டு ஆறு முறை இறங்கி ஏறிப் பழகினேன். டிரான்ஸ்பர் பெட்டியை லோவில் போட்டு இரண்டாம் கியர், நடக்கும் வேகம், நடுவில் கிளட்சைத் தொடவே கூடாது.

தீபாவளி கழிந்த வாரம் கடம்பூர் தாண்டிப் போனபோது குரும்பூர்ப் பள்ளம் எளிதாக விட்டது. சர்க்கரைப் பள்ளத்தில் தண்ணீர் சிவந்து ஓடியது, சுள்ளிகளும் இலைகளும் மிதந்து வந்தன. மேலே எங்கோ மழை பெய்துகொண்டிருக்கிறது என்பதற்கு வேறு அடையாளம் வேண்டாம். தண்ணீர் தொடும் விளிம்பில் ஒரு வெள்ளைக் கல்லை வைத்துவிட்டு உட்கார்ந்தோம். கால் மணி நேரத்தில் கல் மூழ்கியது. புதிய விளிம்பில் இன்னொரு கல் வைத்தோம், அதுவும் மூழ்கியது. மூன்றாவது கல் ஒரு மணி நேரம் அப்படியே இருந்தது, பிறகு அதன் கீழே ஈர மணல் தெரியத் தொடங்கியது. முதல் கல்லும் தலைகாட்டியபோது வந்து சேர்ந்து மூன்று மணி நேரம் கடந்திருந்தது. புலிகள் காப்பகத்துக்குள் ஓடும் பாதை என்பதால் பொழுது சாய்ந்த பின் அங்கே இருக்கக் கூடாது. இன்னும் ஒரு மணி நேரம் தாமதமாகியிருந்தால் கடம்பூருக்கே திரும்பியிருப்போம். குச்சியோடு நடந்தேன். ஓரிடத்தில் 26 அங்குலம், மற்ற இடங்களில் இருபதுக்குச் சற்று மேல். தார்ப்பாயைக் கட்டினோம். டிஃபரன்ஷியல்கள் இதற்குள் நன்றாக ஆறியிருந்தன. காத்திருந்ததில் கிடைத்த உபரி லாபம் அது. மச்சினன் எதிர்க்கரையில் கயிற்றோடு நிற்க, நான் இறங்கினேன். அலை கிரில்லின் பாதியிலேயே நின்றது. ஒரு முறை பின்புறம் லேசாகக் கீழ்நீர்ப் பக்கம் நகர்ந்தது. ஸ்டியரிங்கைத் திருப்பாமல் மிதியை மட்டும் அதே அளவில் வைத்திருந்தேன். ஏறியதும் பிரேக்கை லேசாக மிதித்தபடியே நூறு மீட்டர் ஓட்டினேன். டிரம்முக்குள் தண்ணீர் இருக்கும்வரை பிரேக் இல்லை என்றே கொள்ள வேண்டும். வீடு வந்ததும் நான்கு டிரம்களையும் கழற்றியபோது ஒவ்வொன்றிலும் ஒரு கைப்பிடி வண்டல் இருந்தது.

தார்ப்பாயின் 550-ஐயும் சேர்த்து, ஓராண்டில் 51,070 ரூபாய் செலவாகியிருக்கிறது. அதில் 31,400 இரண்டு தடவை சாவியைத் திருப்பியதற்கு. மறுபடி தொடங்குவதாக இருந்தால் பிரீதர் டியூபை முதல் வாரத்திலேயே போடுவேன், பி.வி.சி. பைப்பைத் தோட்டத்திலேயே விடுவேன், செல்ஃப் மோட்டாருக்கு வார்னிஷ் அடித்த இரண்டு நாளில் முன் சக்கர பேரிங்குகளைக் கழற்றி கிரீஸ் அடைத்திருப்பேன். அதை இப்போதுதான் செய்துகொண்டிருக்கிறேன். இடது பக்க கிரீஸில் சாம்பல் நிறம் ஏறியிருக்கிறது, அந்தப் பக்க ஹப் சீல் வேலை பார்க்கவில்லை.

ஏழாவது மூக்கு இன்னும் மூடப்படவில்லை. கிளட்ச் கூட்டின் அடித்துளையில் மரை போட்டு ஒரு திருகு வைக்கலாம். ஆனால் அதைப் பள்ளத்தின் கரையில் மாட்டி, கடந்ததும் மறக்காமல் கழற்ற வேண்டும், இல்லையென்றால் கசியும் ஆயில் உள்ளேயே தேங்கிக் கிளட்ச் வழுக்கும். லேத்தில் கடைந்த திருகு தயாராகிவிட்டது. ஒரு சிவப்புத் துணியைக் கட்டி அதை ஸ்டியரிங்கில் தொங்கவிட்டிருக்கிறேன்.